ஜின்னுக்கு மூன்று நாள் கெடு

ஜூன் 1, திங்கள்

காலையில் குளியலறையில் பாம்பு. நல்ல நீளமான சாரை. விறகுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அலறியதாகப் பல்கீஸ் சொல்கிறாள். அது அலறல் அல்ல, ‘அல்லாஹு அக்பர்’ என்று சற்று உரக்கச் சொன்ன தக்பீர்.

அவள் உலக்கையோடு ஓடிவந்தாள். நான் தடுத்தேன். வீட்டுக்குள் வந்த பாம்பை எடுத்த எடுப்பில் அடிக்கக் கூடாது. அது பாம்பு உருவத்தில் வந்த ஜின்னாக இருக்கலாம். ஜின்களில் நல்லவர்கள் உண்டு, தொழுகிறவர்களும் உண்டு. ஆகவே முறைப்படி எச்சரித்து மூன்று நாள் கெடு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் இருந்தால்தான் உலக்கை. நான் வாசற்படிக்கு வெளியே நின்று, "நூஹ் நபிக்கும் சுலைமான் நபிக்கும் ஜின்கள் கொடுத்த வாக்கின் பேரால் கேட்கிறேன், எங்களுக்குத் தொந்தரவு தராமல் போய்விடு" என்று நிதானமாகச் சொன்னேன்.

"மூணு நாளும் எங்க குளிக்கது?" என்றாள் பல்கீஸ்.

"பொறுமையா இரு."

"பாம்புட்ட எவ்வளவு தன்மையாப் பேசுதிய" என்று சொல்லிவிட்டு உலக்கையைச் சாத்தி வைத்தாள்.

மாலையில் ஜமாஅத் செயலாளர் மைதீன் பிச்சை வந்தார். இரும்புக்கடை வைத்திருக்கிறார். மெல்லப் பேசத் தெரியாது.

"ஹஜ்ரத், சமாச்சாரம் முத்திப்போச்சு. மதரஸாவுல பொம்பளப் புள்ளைய ஓதுத கிதாபுக்குள்ள வச்சுப் பேய்க்கதை படிக்குதுவ. எங்க வீட்லயும் அப்படித்தான். எம் பொண்டாட்டி ராத்திரி கொல்லைக்குப் போவணும்னா என்னையல்லா எழுப்புதா."

‘திங்கள் விருந்து’ என்ற வாரப் பத்திரிகையாம். அதில் ‘கூடத்தில் ஒருத்தி’ என்று ஒரு தொடர். எழுதுகிறவர் பெயர் காரிருளன்.

"எழுதுதவன் நம்மூர்க்காரன்னு பேச்சு. கதையில வாற பள்ளிவாசல் நம்ம நடுத்தெருப் பள்ளி. கெணறும் நம்ம கெணறு. நீங்க மார்க்க முறைப்படி ஆராய்ஞ்சு கூடும், கூடாதுன்னு ஒரு தீர்ப்புச் சொல்லுங்க. கூடாதுன்னா ஊருக்குள்ள ஒரு கடையிலயும் அந்தப் புத்தகம் தொங்காது. ஆளையும் புடிச்சு ஜமாஅத் முன்னால நிப்பாட்டிருவோம்."

பள்ளிவாசலில் இமாமாகவும் மதரஸாவில் ஆசிரியராகவும் இருக்கிறவன் நான். என் மூக்குக்குக் கீழேயே இப்படி. ஜூலை மூன்றாம் வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய பயான் பிரசங்கத்தில் தீர்ப்புச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். பல்கீஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி டீ தட்டில் சிந்தியது. பாம்பைப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

கடையில் போய்ப் பேய்க்கதை வாங்க எனக்கு முகம் ஏது? அதைச் சொன்னதும், "பக்கத்து வீட்ல இருக்கும், வாங்கித் தாரேன்" என்று பழைய இதழ்கள் அத்தனையையும் வரிசைப்படி அடுக்கிக் கொண்டுவந்துவிட்டாள். அண்டை வீட்டாரோடு நல்லுறவு பேண வேண்டும் என்று நான் வருடக்கணக்காகச் செய்துவந்த பயான் வீண்போகவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

பாம்பைக் காணோம். எச்சரிக்கைக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள். பல்கீஸ் கொதிதண்ணீரை விறகுமேல் ஊற்றியிருக்கிறாள். "பிஸ்மில்லா சொல்லித்தான் ஊத்துனேன்" என்கிறாள். நிலத்தில் சுடுதண்ணீர் ஊற்றும்போது அப்படிச் சொல்லி ஊற்றினால் அங்கே இருக்கிற ஜின்கள் விலகிக்கொள்ளும் என்பது நம் வழக்கம்தான். ஆனாலும் போனது என் எச்சரிக்கையால்.

பகல் முழுக்க ‘கூடத்தில் ஒருத்தி’ படித்தேன். கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி ஈரச் சேலையோடு திரும்பி வந்து பழைய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களைப் பார்த்து, "பசிக்குது, இலை போடுங்க" என்கிறாள். முழுத் தவறு. செத்தவர்கள் திரும்புவதில்லை. அவர்கள் மறுமை நாள் வரைக்கும் திரைக்கு அந்தப் பக்கம். பேய், பிசாசு என்று வருவதெல்லாம் ஜின்னின் வேலையாகத்தான் இருக்க முடியும். இந்தக் காரிருளனுக்கு அடிப்படையே தெரியவில்லை.

சாப்பிடும்போது பல்கீஸிடம் இதை விளக்கினேன். வழக்கமாகத் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். இன்று உட்கார்ந்து கேட்டாள். ஜின்கள் கல்யாணம் செய்யுமா, மனுச உருவம் எடுக்குமா, ஒரே வீட்டில் கூடவே இருந்தால் ஆளுக்குத் தெரியாமல் போகுமா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆதாரத்தோடு பதில் சொன்னேன். இந்த வயதில் இவ்வளவு மார்க்கத் தாகம் வந்திருப்பது மகிழ்ச்சி.

இரவு விளக்கை அணைக்கவில்லை. பாம்பு திரும்பி வரலாம்.

ஜூன் 4, வியாழன்

சாரல். பல்கீஸ் குடை பிடித்துத் தபால் பெட்டிவரை போய்வந்தாள். மேலப்பாளையத்தில் இருக்கும் மகள் நிலோஃபருக்குக் கடிதமாம். கனத்த உறை. தாய்க்கும் மகளுக்கும் பேச இவ்வளவு என்னதான் இருக்குமோ.

ஜூன் 15, திங்கள்

அல்ஹம்துலில்லாஹ். காரிருளன் திருந்திவிட்டார்.

இந்த வாரத்தில் ஒரு பெரியவர் வந்து, "செத்தவர்கள் திரும்புவதில்லை, இது அவள் உருவத்தில் வந்த ஜின்" என்று தெளிவாகச் சொல்கிறார். என் வாதம் அப்படியே வரிக்கு வரி இருக்கிறது. நடுவே இருமுவதுகூட என்னைப் போலவே இருக்கிறது. ஆக, இந்த ஆள் என் வெள்ளிக்கிழமை பயானைக் கேட்கிறவர். இதே விஷயத்தை நான் பயானில் பேசினேனா என்று சரியாக ஞாபகமில்லை. பேசியிருப்பேன்.

பல்கீஸிடம் காட்டினேன். "உங்க பேச்சுக்கு இவ்வளவு பலன்" என்றாள். சிரிப்பை அடக்குவது போலிருந்தது. பெருமையாக இருக்கும்.

ஜூன் 16, செவ்வாய்

பல்கீஸ் கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வெள்ளி

பயான் செய்துகொண்டே முன்வரிசையை நோட்டம் விட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர் உதுமான் கனி ஏதோ காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டேன் என்று தொழுகை முடிந்ததும் போய்க் கையைப் பற்றினேன். எந்தெந்த மின்விசிறி ஓடவில்லை என்று எழுதி வைத்திருந்தார். நிறைய ஓடவில்லை.

ஜூன் 22, திங்கள்

கதை இப்போது மார்க்கம் கற்ற ஓர் ஆலிம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆலிமின் மனைவி தம்பி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கூடத்து ஜின் அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் குடியேறிவிடுகிறது. சமைக்கிறது, துவைக்கிறது, தொழுகிறது. ஆலிம் வருகிறார், முகட்டைப் பார்த்து ஸலாம் சொல்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார், தூங்குகிறார். வருடங்கள் போகின்றன. மனைவி மாறிப்போனதே அவருக்குத் தெரியவில்லை.

படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிட்டது. ஜன்னல் திறந்திருந்தது.

தீர்ப்புக்கான குறிப்பு: மார்க்க ரீதியில் குற்றமில்லை, ஜின்னுக்கு இது முடியும். ஆனால் நம்பத்தகாதது. ஒரே வீட்டில் இருக்கிற கணவனுக்கு, அதுவும் படித்த ஆலிமுக்கு, மனைவி மாறியது தெரியாமல் இருக்குமா? காரிருளன் பெரிய பிழை செய்துவிட்டார்.

இதைச் சாப்பாட்டில் சொன்னேன்.

"தெரியாமப் போவாதுங்கிய?" என்றாள் பல்கீஸ்.

"எப்படித் தெரியாமப் போகும்? கண்ணு இல்லையா அந்த ஆளுக்கு?"

"அப்ப சரி. மீனு எப்படி இருக்கு?"

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு. இன்னொரு துண்டு வை."

வைத்தாள். "இது வாழைக்காய்" என்றாள்.

மசாலா அப்படி. யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜூன் 25, வியாழன்

கதையில் அந்த ஜின்னுக்கு இடது மணிக்கட்டில் ஒரு தீக்காயத் தழும்பு. மாவு சலிக்கும்போது முணுமுணுவென்று ஏதோ பாடும். ஆலிம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அது சாப்பிடும்.

இன்று பல்கீஸ் மாவு சலிக்கும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் தழும்பு.

"இது எப்ப பட்டது?" என்று கேட்டேன்.

"நோம்புக் கஞ்சி காச்சும்போது. நிலோஃபரு பள்ளிக்கூடம் போய்ட்டிருந்தா அப்ப."

நிலோஃபரின் பிள்ளையே இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தாகம் எடுத்தது.

ஜூன் 26, வெள்ளி

அவள் கீரை ஆய்கிறபோது பக்கத்தில் போய் நின்று ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதினேன். ஜின்னாக இருந்தால் தாங்காது. அவள் கூடவே ஓதினாள். நடுவில் ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன் என்று எடுத்துக் கொடுத்தாள்.

இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. தொழுகிற ஜின்கள் உண்டு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 27, சனி

சுலைமான் நபியின் அரண்மனைக்கு வந்த ராணி, பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிய வரலாறு எல்லோருக்கும் தெரியும். அவள் தாய் ஜின் இனம், அவள் பாதம் மனிதப் பாதமா என்று பார்க்கத்தான் அப்படித் தரை போட்டார்கள் என்று பிற்காலத்துக் கதைசொல்லிகள் சேர்த்துக்கொண்டார்கள். இது ஆதாரமற்ற செய்தி என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அடித்துச் சொல்கிறவன் நான்.

அந்த ராணியின் பெயர் பல்கீஸ்.

ஆதாரமில்லைதான். இருந்தாலும் அஸர் தொழுதுவிட்டு வந்து, அடுப்படி வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். அவள் வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சேலையைத் தூக்கவில்லை. உள்ளே போய்த் துடைக்கிற துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

குனிந்து துடைக்கும்போது பாதம் தெரிந்தது. மனிதப் பாதம்தான், விரல்கள் முன்பக்கம்தான். ஆனால் இரண்டு குதிகாலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜின்களுக்குப் பித்தவெடிப்பு வருமா என்பது பற்றி எந்தக் கிதாபிலும் நான் பார்த்ததில்லை.

ஜூன் 29, திங்கள்

இந்த வாரக் கதையில் ஜின் சொல்கிறது: "இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘இந்தாரு’ என்பார். ‘இந்தாரு’ என்று ஒருத்தி இருந்தால் அவள்தான் அவர் மனைவி. நான் அவளுக்குப் பதிலாக வந்தவள், அவ்வளவுதான்."

நான் பல்கீஸை என்னவென்று கூப்பிடுகிறேன் என்று யோசித்தேன். யோசிப்பதை நிறுத்திவிட்டு இஷா தொழுகைக்குப் போனேன்.

ஜூலை 1, புதன்

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

மதரஸாவுக்குப் போனவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று முற்பகலிலேயே வீடு திரும்பினேன். அடுப்படியிலிருந்து கரகரத்த ஆண்குரல் கேட்டது. "உன்னை விடமாட்டேன். இந்த வீடு என்னுடையது" என்றது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு அதே வசனம், இன்னும் கொஞ்சம் கனமான குரலில். எட்டிப் பார்த்தால் பல்கீஸ் ஒருத்திதான். முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று முறைப்படி தொடங்கினேன்.

"நூஹ் நபிக்கும் சுலைமான் நபிக்கும் கொடுத்த வாக்கின் பேரால கேக்கேன். நீ ஜின்னா இருந்தா மூணு நாளைக்குள்ள இந்த வீட்ட விட்டுப் போயிரு."

அவள் திரும்பினாள். முதலில் சிரிப்பாள் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

நான் அந்த வாசகத்தை மறுபடியும் சொன்னேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "பாம்புக்கும் மூணு நாளு, எனக்கும் மூணு நாளா?"

"நீ யாரு, அத மொதல்ல சொல்லு."

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டுருக்கிய" என்றாள். "மூணு நாளெல்லாம் எதுக்கு? மதிய பஸ்ஸுக்கே போறேன்."

குழம்பைக் கூட்டி வைத்து, சோறு வடித்து, ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். மகள் வீட்டுக்காம்.

எச்சரித்தால் போய்விடும் என்பது இரண்டாம் முறையாக நிரூபணமாயிற்று. வீடு அமைதியாக இருக்கிறது. குழம்பு நன்றாக இருந்தது. மீன்தான், கவனித்துப் பார்த்தேன்.

ஜூலை 2, வியாழன்

உப்பு எங்கே இருக்கிறது?

ஜூலை 3, வெள்ளி

நிலோஃபர் போன் செய்தாள்.

"அத்தா, அம்மாவப் பாம்புன்னு சொன்னியளாமே?"

"பாம்புன்னு சொல்லல. ஜின்னா இருந்தான்னு ஒரு நிபந்தனையோடதான் சொன்னேன்."

"அம்மா ஜின்னுன்னா நான் பாதி ஜின்னா? எம் புள்ள கால் ஜின்னா? என் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வம்சாவளி விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"பஸ்ஸு பூரா வாந்தி எடுத்துட்டு வந்துருக்காவ. வந்ததுலருந்து ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடல. ஜின்னுக்கு பஸ்ஸு ஒத்துக்காதாத்தா?"

பல்கீஸுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதே எனக்குத் தெரியாது. எந்தப் பயணத்திலும் நான் முன்னால் ஆண்கள் பக்கம் உட்காருவேன், அவள் பின்னால் இருப்பாள். இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். அவளுக்கு அதுதான் நிறம் என்று நினைத்திருந்தேன்.

ஜின்கள் காற்றைவிட வேகமாகப் போகக் கூடியவை. பஸ்ஸில் வாந்தி எடுக்காது. ஆக, மனைவியைத்தான் விரட்டியிருக்கிறேன்.

ஜூலை 6, திங்கள்

கதையில் ஆலிம் வாழைக்காய் வறுவலை மீன் என்று தின்கிறார். "இன்னொரு துண்டு வை" என்கிறார்.

யாரோ என் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். அடுப்படி இருட்டாகிவிட்டது. உப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

ஸலாம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். பழக்கத்தில் முகட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு பதில் வரவில்லையே என்று கீழே பார்த்தேன்.

எனக்கு இந்த வீட்டில் பயமாக இருக்கிறது. ஜின் இருக்கிறது என்று இல்லை. ஒரு ஜின்கூட இல்லையே என்றுதான்.

ஜூலை 13, திங்கள்

கதையில் ஆலிம் அடுப்படி வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவோரம் நிற்கிறார்.

ஜின் சொல்கிறது: "தண்ணீரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். என் காலைப் பார்ப்பதற்கு எதற்கு இந்தப் பாடு? என் கால்கள் இத்தனை வருடமாக இந்த வீட்டுக்குள்தானே நடந்துகொண்டிருக்கின்றன."

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆகவே இதை எழுதியது அதைக் கண்ணுக்குத் தெரியாமல் பார்த்த ஒரு ஜின்னாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்கீஸாக இருக்க வேண்டும். முதல் சாத்தியத்தைப் பிற்பகல் முழுக்கப் பரிசீலித்தேன். கடைசியில் கனத்த உறை ஞாபகம் வந்தது. சிந்திய டீ ஞாபகம் வந்தது. மீன் கழுவிக்கொண்டே பேசிய அந்த ஆண்குரல் எழுதப்போகும் வசனத்தைச் சொல்லிப் பார்த்த குரல் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

காரிருளன் என் மனைவி. அவளை ஜமாஅத் முன்னால் நிறுத்தத்தான் நான் ஆறு வாரமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் எழுதினாள் என்பதற்காக இல்லை. கதை முழுக்க என்னைப் பற்றியது என்பது ஊரே படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

தொடரின் அடியில் ‘முடிவு விரைவில்’ என்று போட்டிருந்தார்கள்.

ஜூலை 15, புதன்

மைதீன் பிச்சை வழியில் நிறுத்தி, "தீர்ப்பு கூடாதுன்னுதானே ஹஜ்ரத்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். கூடாது என்று சொன்னால் கதை நிற்கும், பிறகு அவள் வருவாளா? கூடும் என்று சொன்னால் வேலை போகலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்பு வைத்தேன். தீய்ந்துவிட்டது.

ஜூலை 17, வெள்ளி

பள்ளிவாசல் நிரம்பியிருந்தது. ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும், வீடுகளில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

நான் சொன்னது இதுதான். "செத்தவர்கள் திரும்பி வருவதாக நம்பி எழுதினால் தவறு. காரிருளன் அதை ஆரம்பத்தில் எழுதினார், பிறகு தாமே திருத்திக்கொண்டார். ஜின் உண்டு என்று எழுதுவதில் தவறில்லை. நம்மை நாமே பார்த்துப் பயப்படும்படி ஒரு கதை எழுதப்பட்டால் அதைக் கூடாது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இந்தக் கதையில் ஒரே ஒரு பெரிய பிழை என்று குறித்து வைத்திருந்தேன். கூடவே வாழ்கிற மனைவி மாறிப்போனது ஓர் ஆலிமுக்குத் தெரியாமல் இருக்காது என்று. அந்தக் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். தெரியாமல் இருக்க முடியும். அதற்குச் சாட்சி நான்."

வெளியே ஏதோ ஒரு வீட்டிலிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு வீட்டிலிருந்து.

தொழுகை முடிந்ததும் மைதீன் பிச்சை காதோரம் வந்தார். "என்ன ஹஜ்ரத் இப்படிச் சொல்லிட்டிய? சரி, அந்த ஆளு யாருன்னாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஜமாஅத் முன்னால நிப்பாட்டிருவமா?"

"நாளைக்கு நான்தான் அவங்க முன்னால போய் நிக்கணும்" என்றேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டுப் பாரும், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல நினைத்தேன். பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 18, சனி

பஸ்ஸில் மேலப்பாளையம். பல்கீஸ் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போனேன். வளைவு அதிகம்.

நிலோஃபர் கதவைத் திறந்து, "பாதி ஜின்னு வீட்டுக்கு வாங்கத்தா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பல்கீஸ் பேரனின் படிப்பு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் காகிதத்தை மறைக்கவில்லை.

"எதுக்கு வந்திய?"

பையிலிருந்து பித்தவெடிப்புக் களிம்பையும் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். "களிம்பு காலுக்கு. பழம், பஸ்ஸுல மோந்து பாத்துட்டே வந்தா கொமட்டாதாம்" என்றேன்.

அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பிய?"

"கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்." பேனாவை மூடினாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க பேசுனத நான் கேட்டுட்டே இருக்கேன். எனக்கும் பேசணும்லா. நீங்க கேக்க மாட்டிய. ஊரு கேட்டுச்சு."

நான் தலை குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவள் திடீரென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க. நான் போட்டுருக்க கண்ணாடி என்ன நெறம்?"

"பழுப்பு. இடது காதுப் பக்கம் உடைஞ்சு வெள்ளை நூல் சுத்தியிருக்கும்" என்றேன்.

திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி. "நூலு சுத்துனது போன மாசம். வந்த மறுநாளு நிலோஃபரு மாத்திக் குடுத்தா" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். "பரவால்ல, போன மாசம் வரைக்கும் வந்துட்டிய."

கடைசி அத்தியாயம் பாதியில் நின்றதாம். ஆலிம் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லையாம். இப்போது தெரியும் என்று சொல்லி மாலைக்குள் எழுதி முடித்தாள். நான் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழம் பலிக்கவில்லை. வளைவுகளில் பையை விரித்து நான்தான் பிடித்தேன்.

ஜூலை 20, திங்கள்

உப்பு, மிளகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ‘உப்பு’ என்று எழுதித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, திங்கள்

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. கெடு கொடுத்து விரட்டிய ஆலிமே ஜின்னைத் தேடிப் போய்க் கூட்டிவருகிறார். வந்தவள் ஜின்னா, பழைய மனைவியா என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை, பெயரை மட்டும் கேட்கிறார். மார்க்க ரீதியில் சிக்கலான முடிவு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அடுப்படி வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மைதீன் பிச்சையின் மனைவி கதையைப் பாராட்ட வந்திருந்தாள். நான் துடைக்கிறதைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். இரும்புக்கடை வீடு அல்லவா, தாழ்த்தினாலும் கேட்டது.

"என்ன மாமி, ஹஜ்ரத் தரை தொடைக்காவ, பேரு சொல்லி வேற கூப்பிடுதாவ. இவிய அவியதானா?"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றாள் பல்கீஸ். "மூணு நாளு கெடு வச்சுருக்கேன். அதுக்கு மேலயும் இப்படியே இருந்தாவன்னா ஜின்னுதான்."

"அப்ப என்ன செய்விய?"

"என்னத்தச் செய்ய. இருந்துட்டுப் போவட்டும்."

இன்று முதல் நாள். வாளியை அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.